எந்தக் கோயிலை வகுப்புக்கு எடுப்பது: பார்த்தனானா, ஈஜினாவா, ஒலிம்பியாவா?

பழைய கிரேக்கக் கோயில் சிற்பங்களைப் படங்களாகக் காட்டி வகுப்பில் பேச வேண்டும் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஏதென்ஸ் நகரில் அதீனா தெய்வத்துக்குக் கட்டிய பார்த்தனான்தான். புத்தகத்தைத் திறந்தாலும் அதுதான், இணையத்தில் தேடினாலும் அதுதான். ஆனால் கலை வரலாறு எடுக்கிற ஒருவர், "ஒரு கோயிலுக்குத்தான் நேரம் இருக்கிறது, எதை எடுக்கலாம்?" என்று கேட்டால், நான் ஒலிம்பியாவின் ஜீயஸ் கோயிலைத்தான் சொல்வேன். ஒரே ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் ஈஜினா தீவின் அஃபாயா கோயில். பார்த்தனானுக்கு என் பட்டியலில் மூன்றாம் இடம். அதன் சிற்பங்கள் மட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. படங்களாகக் காட்டும்போது மாணவர்களுக்கு அங்கே பேச இடம் குறைவு, அவ்வளவுதான்.

எதை வைத்து இப்படி வரிசைப்படுத்துகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். படத்தை உற்றுப் பார்த்து ஒரு மாணவி ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதே படத்தில் வேறொரு இடத்தைக் காட்டி அதை மறுக்க முடிய வேண்டும். ஆசிரியருக்கு மட்டுமே தெரிந்த ஒரு தகவலைச் சொன்னதும் முடிந்துபோகிற கேள்வி விவாதத்துக்கு உதவாது. அது வினாடி வினாவுக்குத்தான் சரி. அதனால் புகழ், அழகு, படங்களின் எண்ணிக்கை இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, படத்தைப் பார்த்தே வாதாட எவ்வளவு கிடைக்கிறது என்பதை மட்டும் வைத்து மூன்றையும் எடைபோடலாம்.

சிற்பம் கோயிலில் எங்கெங்கே வரும் என்பது வகுப்புக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். சரிவான கூரையின் முன்னும் பின்னும் உண்டாகிற முக்கோணம் பெடிமென்ட். அதில் பெரும்பாலும் முழு உருவச் சிலைகள் நிற்கும். தூண்களுக்கு மேலே வரிசையாக வரும் சதுரப் பலகைகள் மெட்டோப். ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி. இடைவெளி இல்லாமல் ஓடுகிற புடைப்புச் சிற்பப் பட்டை ஃப்ரீஸ். கரும்பலகையில் ஒரு கோயில் முகப்பைக் கிறுக்கி மூன்றையும் குறித்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

பார்த்தனானிலிருந்து தொடங்குவோம். கி.மு. 447க்கும் 432க்கும் இடையில் கட்டியது. 92 மெட்டோப், ஏறத்தாழ 160 மீட்டர் நீள ஃப்ரீஸ், சிலைகள் நிறைந்த இரண்டு பெடிமென்ட். முதல் சிக்கல் இந்த அளவுதான். இவ்வளவையும் நாற்பது ஸ்லைடில் அடக்கினால் மாணவர்கள் பார்ப்பதை விட்டுவிட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாவது, சிதறல். ஃப்ரீஸில் சுமார் 75 மீட்டரும் 15 மெட்டோப்களும் 17 பெடிமென்ட் உருவங்களும் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மிச்சத்தில் பெரும்பகுதி ஏதென்ஸில் இருக்கிறது. தெற்குப் பக்கத்து மெட்டோப் ஒன்றின் உடல்கள் லண்டனில், அவற்றின் தலைகள் கோபன்ஹேகனில். ஒரு காட்சியை முழுதாகக் காட்டக்கூட மூன்று ஊர்ப் படங்களை ஒட்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் வேறு, பின்னணி வேறு, கல்லின் நிறமும் வேறு.

கல்லின் நிறம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1930களின் கடைசியில் லண்டனில் இருந்த பார்த்தனான் சிற்பங்கள் சிலவற்றைச் செப்புக் கருவிகளால் சுரண்டி வெளுப்பாக்கினார்கள். விஷயம் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. ஆகவே ஒரு படத்தில் தெரிகிற பளிச் வெள்ளையை வைத்து "கிரேக்கர்கள் வெண்மையை விரும்பினார்கள்" என்று ஒரு மாணவர் சொன்னால், அவர் பார்த்துச் சொல்வதில் ஒரு பகுதி இருபதாம் நூற்றாண்டின் கைவேலை. படத்தைப் பார்த்தால் அது தெரியாது. பார்த்தனானில் இப்படிப் படத்துக்கு வெளியே இருக்கிற தகவல் அடிக்கடி வந்து குறுக்கே நிற்கும்.

பெடிமென்ட்களில் இது இன்னும் மோசம். கிழக்குப் பெடிமென்ட்டின் பொருள் அதீனாவின் பிறப்பு. பிறப்பு நடக்கிற நடுப்பகுதியையே காணோம். கோயிலைத் தேவாலயமாக மாற்றிய காலத்திலேயே அது போய்விட்டது. மேற்குப் பெடிமென்ட்டில் அதீனாவும் கடல் தெய்வம் பொசைடனும் ஏதென்ஸைச் சுற்றிய ஆட்டிகா நாட்டுக்காகப் போட்டியிடுகிறார்கள். 1674இல் ஒரு பிரெஞ்சுத் தூதுவரின் குழுவோடு வந்த ஓவியர் அதைக் கிட்டத்தட்ட முழுதாக வரைந்து வைத்தார். ஜாக் கார்ரே என்பவர் வரைந்ததாக வழக்கமாகச் சொல்வார்கள். பதின்மூன்று வருடம் கழித்து, 1687இல், வெனிஸ் படை வீசிய குண்டு உள்ளே இருந்த வெடிமருந்தில் விழுந்து கோயில் பிளந்தது. அது போதாதென்று படைத்தலைவர் மொரோசினி மேற்குப் பெடிமென்ட்டின் குதிரைகளை இறக்கி எடுத்துப்போக முயன்றார். அவை கீழே விழுந்து நொறுங்கின. இன்று அந்தப் பெடிமென்ட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் உண்மையில் அந்த ஓவியத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். கதையாகக் கேட்க அருமையாக இருக்கும், வகுப்பும் வாயைப் பிளந்து கேட்கும். ஆனால் பேசுவது ஆசிரியர் ஒருவர்தான்.

இன்னொன்றும் உண்டு. பார்த்தனான் என்று எடுத்தாலே பத்தாவது நிமிடத்தில் யாராவது அந்தச் சிற்பங்களை லண்டனுக்குக் கொண்டுபோன எல்ஜின் பிரபுவைப் பற்றிக் கேட்பார்கள். சிற்பங்களைத் திருப்பித் தர வேண்டுமா கூடாதா என்ற சண்டை நியாயமான சண்டைதான். எனக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கிறது. ஆனால் அது வந்துவிட்டால் அப்புறம் யாரும் கல்லைப் பார்க்க மாட்டார்கள். அதற்குத் தனியாக ஒரு வகுப்பு வையுங்கள்.

ஈஜினா இதற்கு நேர் எதிர். கோயில் சின்னது, உருவங்கள் குறைவு. ஏதென்ஸுக்கு எதிரே கடலில் இருக்கிற தீவு. கோயில் அஃபாயா என்ற உள்ளூர்த் தெய்வத்துக்கு. 1811இல் ஆங்கிலேயர் காக்கரெலும் ஜெர்மானியர் ஹாலர் ஃபான் ஹாலர்ஸ்டைனும் அவர்களுடைய நண்பர்களும் அங்கே தோண்டி பெடிமென்ட் சிலைகளை எடுத்தார்கள். 1812இல் ஏலத்துக்கு வந்தபோது பவேரிய இளவரசர் லுட்விக்குக்காக வாங்கினார்கள். இன்றும் அவை மியூனிக்கின் கிளிப்டோதெக் மியூசியத்தில் ஒன்றாக இருக்கின்றன. ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே மாதிரிப் படங்கள். ஆசிரியருக்குப் பாதி வேலை மிச்சம்.

இதைவிட முக்கியமானது, இரண்டு பெடிமென்ட்களும் ஏறத்தாழ ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. நடுவில் அதீனா, இருபுறமும் டிராய் நகரப் போர். ஒன்றில் புராண வீரன் ஹெராக்ளிஸ் காலத்து முதல் போர். மற்றதில் எல்லோருக்கும் தெரிந்த, ஹோமர் பாடிய போர். இரண்டிலும் ஈஜினா வம்சத்து வீரர்கள் சண்டையிடுகிறார்கள். ஆனால் செதுக்கிய விதம் ஒன்றுபோல் இல்லை. மேற்கில் இருப்பது பழைய பாணி, கிழக்கில் இருப்பது புதிய பாணி. ஒரே கோயில், ஒரே கதைக்களம், ஒரே பளிங்கு, நடுவில் கலையே திசை மாறியிருக்கிறது. வகுப்பறைக்கென்றே ஏற்பாடு செய்து வைத்த மாதிரி.

இரண்டு படங்கள் போதும். மேற்குப் பெடிமென்ட்டின் மூலையில் விழுந்து கிடக்கும் வீரன், கிழக்குப் பெடிமென்ட்டின் மூலையில் விழுந்து கிடக்கும் வீரன். முதல் ஆள் மார்பில் தைத்த அம்பைப் பிடுங்குகிறான். அம்பு உலோகத்தில் செய்தது, இன்று இல்லை, துளை மட்டும் இருக்கிறது. உடல் நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. கால் மேல் கால் போட்டிருக்கிறான். உதட்டில் சின்னச் சிரிப்பு. இரண்டாமவன் தாடிக்காரன். கேடயத்தின் மேல் சரிகிறான், தலை தரையைப் பார்க்கிறது, அவனுக்கு நம்மைப் பற்றிய நினைப்பே இல்லை. பெயர், வருடம், பாணி எதுவும் சொல்லாமல் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "இவர்களில் யார் சாகிறான்?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேரும்தான் என்பது தெரியவர நேரமாகும். அதற்குள் முழங்கை, வயிற்றுத் தசை, கண் இமை எல்லாவற்றையும் மாணவர்களே எடுத்துப் பேசியிருப்பார்கள். சிரிப்பவன் பக்கம் நின்று வாதாட ஒருவராவது கிடைப்பார்: மரணத்தை மதிக்காத வீரம் என்பார். அந்தக் காலத்துச் சிலைகளில் நிற்பவர், நடப்பவர், சாகிறவர் எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு உண்டு என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து இரண்டு அதீனாக்கள். மேற்கில் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறாள், சண்டை அவளைச் சுற்றி நடக்கிறது. கிழக்கில் அவளே சண்டைக்குள் இறங்கி, மார்க்கவசத்தை ஒரு கையால் நீட்டிப் பிடித்திருக்கிறாள். இவை எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. மேற்கு கி.மு. 500 வாக்கில், கிழக்கு ஒன்றிரண்டு பத்தாண்டுகள் கழித்து என்பது வழக்கமாகச் சொல்வது. பாரசீகப் போருக்குப் பிறகுதான் இரண்டுமே வந்தன என்பாரும் உண்டு. புதிய பாணி வந்ததும் பழையதை ஏன் எடுத்துப் போடவில்லை, ஏன் ஒரே கோயிலில் இரண்டும் இருக்கின்றன என்ற கேள்வி வகுப்பிலிருந்தே வரும்.

ஒரு எச்சரிக்கை. மியூனிக்குக்குப் போகுமுன் இந்தச் சிலைகள் ரோமில் தோர்வால்ட்சன் என்ற பெரிய சிற்பியின் கைக்குப் போயின. உடைந்த தலை, கை, கால், ஆயுதம் எல்லாவற்றையும் புதுப் பளிங்கில் செய்து ஒட்டினார். 1960களில் மியூசியம் அந்தச் சேர்க்கைகளை எடுத்துவிட்டது. இணையத்தில் இரண்டு நிலைப் படங்களும் கலந்து கிடக்கின்றன. முழுதாக, அழகாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டால் 19ஆம் நூற்றாண்டின் முழங்காலை வைத்துக் கிரேக்க உடற்கூறு பேசிக்கொண்டிருப்பீர்கள். கம்பி முட்டுக்கொடுத்து அங்கங்கே துண்டாக நிற்கும் படங்கள்தான் இன்றைய நிலை. இரண்டு நிலைகளையும் அடுத்தடுத்துக் காட்டி, ஒட்டவைத்தது சரியா, பிரித்தது சரியா என்று கேட்டாலும் நல்ல விவாதம்தான். எனக்குப் பிரித்தது சரி என்றே படுகிறது. ஆனால் தோர்வால்ட்சனின் வேலையும் ஒரு காலத்தின் கலைதானே என்று வாதாட வருபவரிடம் எளிதில் ஜெயிக்க முடியாது.

ஈஜினாவின் குறை ஒன்றுதான்: சீக்கிரம் தீர்ந்துவிடும். எல்லோரும் சண்டையிடுகிறார்கள் அல்லது விழுகிறார்கள். இரண்டாவது வகுப்புக்கு வரும்போது புதிதாகப் பார்க்க அதிகம் இருக்காது. மனித மனம் என்று ஒன்று அங்கே இன்னும் முகத்துக்கு வரவில்லை, கிழக்கின் அந்தத் தாடிக்காரனைத் தவிர.

ஒலிம்பியாவில் மனம் முகத்துக்கு வந்துவிடுகிறது. ஜீயஸ் கோயிலைக் கட்டியவர் எலிஸ் ஊரைச் சேர்ந்த லிபோன். காலம் கி.மு. 470க்கும் 457க்கும் இடையில். கி.பி. 6ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் கோயில் சரிந்தது. பிற்காலத்தில் அங்கே குடியிருந்தவர்கள் சிலைத் துண்டுகளைச் சுவர் கட்ட எடுத்துக்கொண்டார்கள். 1829இல் பிரெஞ்சுக்காரர்கள் சில மெட்டோப் துண்டுகளைப் பாரிஸுக்கு எடுத்துப் போனார்கள். 1875 முதல் 1881 வரை ஜெர்மானியர்கள் தோண்டியபோது, கிடைப்பது கிரேக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. அதனால் பெடிமென்ட் சிலைகள் இன்று ஒலிம்பியா மியூசியத்திலேயே ஒரே கூடத்தில் எதிரும் புதிருமாக நிற்கின்றன.

கிழக்குப் பெடிமென்ட்டில் எதுவுமே நடக்கவில்லை. அதுதான் அதன் விசேஷம். பீசா நாட்டு அரசன் ஒய்னோமாவோஸ் தன் மகள் ஹிப்போடமேயாவைக் கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் தேரோட்டத்துக்கு அழைப்பான், தோற்றவரைக் கொன்றுவிடுவான். இப்போது பெலாப்ஸ் வந்திருக்கிறான். தேர்கள் தயார். நடுவில் ஜீயஸ், அவருக்கு ஒரு பக்கம் அரசன், மறுபக்கம் பெலாப்ஸ், கூடவே இரண்டு பெண்கள். ஓட்டம் இன்னும் தொடங்கவில்லை. பெலாப்ஸ் எப்படி ஜெயித்தான் என்பதில் கதையே இரண்டாகப் பிரிகிறது. கிரேக்கக் கவிஞர் பிண்டார் பாட்டில் பொசைடன் கொடுத்த குதிரைகளால் ஜெயிக்கிறான். இன்னொரு கதையில் அரசனின் தேரோட்டி மிர்டிலோஸைக் கைக்குள் போட்டுக்கொண்டு, அச்சாணியை எடுத்துவிட்டு மெழுகை வைக்கச் செய்கிறான். இந்தச் சிற்பி எந்தக் கதையை மனதில் வைத்திருந்தார்? பெலாப்ஸ் இங்கே நாயகனா, ஏமாற்றுக்காரனா? ஒலிம்பிக் வீரர்கள் வந்துபோகிற இடத்தின் பெரிய கோயில் வாசலில் இந்தக் கதையை வைத்ததற்கு என்ன பொருள்? படத்தில் விடை எழுதியிருக்கவில்லை. ஆனால் தடயங்கள் இருக்கின்றன.

முதல் தடயம் ஒரு கிழவர். ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். முன்தலை வழுக்கை, மார்புச் சதை தொங்குகிறது, கையைக் கன்னத்தருகே தூக்கியிருக்கிறார், நெற்றி சுருங்கியிருக்கிறது. வருவதை முன்கூட்டியே அறிகிற குறிசொல்லி என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதைச் சொல்லாமல், அவர் முகத்தை மட்டும் பெரிதாகத் திரையில் போட்டு, "இவருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதே பெடிமென்ட்டில் ஒரு பையன் தன் கால்விரலைத் தொட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். அடுத்து அவனைக் காட்டுங்கள். ஒருவருக்கு எல்லாம் தெரியும், இன்னொருவனுக்கு ஒன்றும் தெரியாது. இதை ஆசிரியர் சொல்லாமலே வகுப்பு கண்டுபிடித்துவிடும்.

இனி இந்தக் கோயிலை நான் முதலிடத்தில் வைக்கக் காரணமான விஷயம். சிலைகள் கிடைத்தன, ஆனால் எது எங்கே நின்றது என்பது இன்றும் தீரவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கோயில் நின்றபோது நேரில் பார்த்த பௌசானியாஸ் என்ற பயணி, ஜீயஸுக்கு வலப்புறம் ஒய்னோமாவோஸ், இடப்புறம் பெலாப்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறார். யாருக்கு வலப்புறம்? ஜீயஸின் வலக்கைப் பக்கமா, எதிரே நின்று பார்க்கிற பௌசானியாஸின் வலக்கைப் பக்கமா? ஜீயஸின் தலையும் போய்விட்டது. கழுத்துத் தசையை வைத்து அவர் எந்தப் பக்கம் பார்த்தார் என்று ஊகிக்கிறார்கள். இரண்டு பெண்களில் ஒருத்தி தோளருகே ஆடையை இழுத்துப் பிடித்திருக்கிறாள். கிரேக்கச் சிற்பத்தில் மணப்பெண்ணுக்கு வருகிற சைகை. அப்படியானால் அவள் ஹிப்போடமேயாவா, அல்லது அரசி ஸ்டெரோப்பேயா? நூற்றைம்பது வருடமாக அறிஞர்கள் வரிசையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மியூசியத்தில் இன்று நிற்கிற வரிசையும் ஒரு தீர்வு மட்டும்தான்.

இதற்குப் புரொஜெக்டர் வேண்டாம். ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனியாகத் தாளில் பிரின்ட் எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவு விகிதத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளையாட்டே கெட்டுவிடும். ஒரு பெரிய சார்ட்டில் முக்கோணம் வரைந்து, குழுவுக்கு ஒரு செட் கொடுத்து, பௌசானியாஸ் சொன்னதைப் படித்துக் காட்டி, அடுக்கச் சொல்லுங்கள். உயரம் ஒத்துவரவில்லை, இவன் இந்த மூலைக்குள் நுழைய மாட்டான், இவள் அந்தப் பக்கம் நின்றால் ஜீயஸுக்கு முதுகைக் காட்டுகிறாள் என்று தகராறு தொடங்கும். தொழில்முறை அறிஞர்கள் பேசுவதும் இதையேதான். மாணவர்கள் விளையாட்டாகச் செய்வதும் ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இவ்வளவு நெருங்கிவருகிற இடம் கிரேக்கச் சிற்பத்தில் வேறு எனக்குத் தெரியவில்லை.

மேற்குப் பெடிமென்ட் ஒரு கல்யாண வீட்டுக் கலவரம். லாபித் இன அரசன் பிரிதூஸின் திருமணத்துக்கு வந்த சென்டார்கள், அதாவது இடுப்புக்குக் கீழே குதிரையாக இருப்பவர்கள், குடித்துவிட்டுப் பெண்கள் மேல் கைவைக்கிறார்கள். லாபித் இனத்தார் எதிர்க்கிறார்கள். மணப்பெண்ணைப் பிடித்த சென்டாரின் முகத்தை அவள் முழங்கை நெட்டித் தள்ளுகிறது. இன்னொரு சென்டார் ஓர் இளைஞனின் கையைக் கடிக்கிறான். இளைஞனின் நெற்றியில் சுருக்கம் விழுகிறது. இவ்வளவுக்கும் நடுவில் 3 மீட்டருக்கு மேல் உயரமாக ஒரு இளைஞன் வலக்கையை நீட்டி அமைதியாக நிற்கிறான். பௌசானியாஸ் அவனைப் பிரிதூஸ் என்கிறார். இன்றைய அறிஞர்கள் அப்போலோ தெய்வம் என்கிறார்கள். யார் சரி? அவன் மற்றவர்களைவிட எவ்வளவு பெரியவன், அவனை யாராவது பார்க்கிறார்களா, அவன் கை யாரையாவது தொடுகிறதா என்று படத்திலேயே தேடலாம். நேரில் பார்த்தவர் சொன்னதைப் படத்தைப் பார்த்து மறுக்கலாமா என்ற தைரியமான கேள்வியும் கூடவே வருகிறது.

மெட்டோப்கள் 12, ஹெராக்ளிஸின் 12 வேலைகள். எல்லாவற்றையும் காட்ட வேண்டியதில்லை. சிங்கத்தைக் கொன்ற முதல் வேலையும், வானத்தைத் தோளில் தாங்கும் வேலையும் போதும். முதலாவதில் தாடி முளைக்காத ஹெராக்ளிஸ் செத்த சிங்கத்தின் மேல் ஒரு காலை வைத்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, களைத்துப்போய் நிற்கிறான். வெற்றியைக் காட்டுகிற சிற்பத்தில் வெற்றியின் கொண்டாட்டமே இல்லை. மற்றதில் வானத்தின் பாரத்தால் அவன் விறைத்து நிற்க, பின்னால் அதீனா ஒரே கையை லேசாகத் தூக்கி உதவுகிறாள். பாரம் எவ்வளவு, தெய்வத்துக்கு அது எவ்வளவு இலகு என்பதை அந்த ஒரு கையில் சொல்லிவிட்டார் சிற்பி. வேறெதையும் காட்ட நேரமில்லை என்றாலும் இந்த ஒரு படத்தைக் காட்டாமல் விடாதீர்கள்.

ஒலிம்பியாவுக்குச் சிரமமும் உண்டு. பெயர்கள் வாயில் நுழையாது. முதல் நாள் பலகையில் எழுதி வைத்துவிடுவது நல்லது. பார்த்தனானோடு ஒப்பிட்டால் நல்ல படங்கள் குறைவு. சுற்றுலாப் பயணிகள் எடுத்தவற்றில் ஒரு பக்கம் வெளிச்சம் அடிக்கும், மறுபக்கம் இருட்டு. முகங்கள் முதல் பார்வைக்குக் கனமாக, சலனமில்லாமல் தெரியும். "இதில் என்ன இருக்கிறது?" என்று யாராவது முதலிலேயே கேட்பார்கள். கேட்கட்டும்.

கோயிலைத் தேர்ந்தெடுத்த பிறகும் எந்த மாதிரிப் படம் என்ற கேள்வி இருக்கிறது. புத்தகங்களில் உருவத்தைத் தனியாக வெட்டியெடுத்துக் கறுப்புப் பின்னணியில் போடுவார்கள். முகபாவம் பேச அது நல்லது. ஆனால் அந்த ஆள் முக்கோணத்தின் மூலையில் நெருக்கிப் பிடித்துக் கிடந்தவன் என்பது மறந்துவிடும். அதனால் தனிப் படத்துக்கு முன்போ பின்போ முழுப் பெடிமென்ட் படம் ஒன்று வேண்டும். கோட்டோவியப் புனரமைப்பு என்றால் கடைசியில் காட்டுங்கள். உடைந்த இடத்தையெல்லாம் கோடு நிரப்பிவிடும். அதை முதலில் பார்த்தவர்கள் பிறகு கல்லைப் பார்க்கும்போதும் கோட்டைத்தான் பார்ப்பார்கள். பிளாஸ்டர் நகல்களின் படங்களை ஒதுக்க வேண்டாம். ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் பார்த்தனான் சிற்பங்களின் நகல்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் சீராக இருப்பதால் சில விஷயங்கள் அசலைவிட நகலில் தெளிவாகத் தெரியும். நகல் என்று ஸ்லைடிலேயே எழுதிவிட்டால் போதும்.

கோணமும் முக்கியம். மியூசியம் படங்கள் கண் மட்டத்தில் எடுத்தவை. ஒலிம்பியாவின் பெடிமென்ட் சிலைகள் தரையிலிருந்து ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில் நின்றவை. பார்த்தனான் ஃப்ரீஸ் சுமார் 12 மீட்டர் உயரத்தில், தூண்களுக்குப் பின்னால், நிழலில் இருந்தது. கீழிருந்து பார்ப்பவருக்காகவே அதன் மேல்பகுதியைக் கீழ்ப்பகுதியைவிடச் சற்று ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள். தாழ்ந்த கோணத்தில் எடுத்த ஒரு படமாவது கூட இருந்தால் நல்லது. முப்பரிமாண மாடல் கிடைத்தால் திரையில் அதைச் சாய்த்துக் காட்டலாம். வெளிச்சமான அறையில் ஃப்ரீஸ் மாதிரி மேலோட்டமான புடைப்புச் சிற்பம் புரொஜெக்டரில் கரைந்துபோகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். முழு உருவச் சிலைகள் அந்த அளவுக்குக் கெடுவதில்லை.

வண்ணப் புனரமைப்புகளுக்கு ஈஜினாதான் சிறந்த உதாரணம். மேற்குப் பெடிமென்ட்டில் மண்டியிட்டு வில் பிடித்திருக்கும் கீழைநாட்டு உடைக்காரனின் சட்டையிலும் காற்சட்டையிலும் இருந்த கட்டக்கட்டமான கோலத்தை, பக்கவாட்டு வெளிச்சத்திலும் புற ஊதா வெளிச்சத்திலும் கண்டுபிடித்து, வின்சென்ஸ் பிரிங்க்மான் குழுவினர் வண்ணம் தீட்டிய நகல் செய்தார்கள். 2003இல் மியூனிக்கில் தொடங்கிய கண்காட்சி பிறகு பல நாடுகளைச் சுற்றியது. வெள்ளைப் பளிங்கிலேயே ஊறிய ஐரோப்பியப் பார்வையாளருக்கு அது பெரிய அதிர்ச்சி. சுதைச் சிற்பத்துக்குப் பச்சையும் நீலமும் அடித்த கோபுரத்தைத் தினம் பார்க்கிற நம் மாணவர்களுக்கு அதிர்ச்சி இருக்காது. நிறம் எவ்வளவு தூரம் ஊகம், எவ்வளவு தூரம் தடயம் என்ற கேள்விக்கு அவர்கள் நேராகப் போகலாம்.

வேறு கோயில்களும் உண்டு. பாசை என்ற மலையூரின் அப்போலோ கோயில் ஃப்ரீஸின் 23 பலகைகளும் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒன்றாக இருக்கின்றன. அவற்றின் வரிசையும் சர்ச்சையில்தான். ஆனால் ஒலிம்பியாவை முடித்த வகுப்புக்கே அது சரிவரும். கோர்ஃபூ தீவில் கோர்கன் என்ற அரக்கி உள்ள பழைய பெடிமென்ட்டை ஒரே படமாக, ஒரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாடத்திட்டமே பார்த்தனான் என்று எழுதியிருந்தால் என்ன செய்வது? ஃப்ரீஸில் கிழக்கு வாசலுக்கு மேலே வருகிற ஒரே ஒரு பலகையை எடுங்கள். பெரியவர் ஒருவரும் ஒரு குழந்தையும் ஒரு துணியை மடிக்கிறார்கள், அல்லது விரிக்கிறார்கள். அந்தத் துணி அதீனாவுக்கு நகரம் செலுத்தும் ஆடை, ஃப்ரீஸ் முழுவதும் வருகிற ஊர்வலம் அதற்காகத்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. அரசன் எரெக்தியூஸ் தன் மகளைப் பலிகொடுக்கிற பழங்கதை என்று வாதிட்டவர்களும் உண்டு. குழந்தை ஆணா பெண்ணா என்பதில்தான் பாதி வழக்கும் நிற்கிறது. பெண் என்பவர்கள் கழுத்துக் கோடுகளைக் காட்டுவார்கள். ஆண் என்பவர்கள் பக்கவாட்டில் திறந்துகிடக்கும் ஆடையைக் காட்டுவார்கள். பெரிதாக்கிய நல்ல படம் ஒன்று இருந்தால் ஒரு மணி நேரம் இதிலேயே ஓடிவிடும். மிச்சம் 159 மீட்டரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.